தெற்கு செட்டுக்கு இருபத்தேழு சுற்று

சித்திரை 2, செவ்வாய்

குஞ்சுகளுக்கு இன்றோடு பதினான்கு நாள். வடக்கு செட்டில் செத்தது மூன்று, தெற்கு செட்டில் இரண்டு. தீவனம் செட்டுக்கு மூன்று மூட்டை. மதியம் உள்ளே தொண்ணூற்றேழு டிகிரி.

கம்பெனி சூப்பர்வைசர் கிருபாகரன் தம்பி வந்து, கோடையில் கோழியைக் காப்பது எப்படி என்று அச்சடித்த நோட்டீஸ் ஒன்றைக் கொடுத்து செட்டு வாசலில் ஒட்டச் சொன்னார். நல்ல கெட்டியான வழவழப்புக் காகிதம். சுவரில் ஒட்டிப் பாழாக்க மனம் வரவில்லை. மாவடு ஜாடிக்கு வாய் கட்டிவிட்டேன்.

சித்திரை 5, வெள்ளி

வடக்கு 3, தெற்கு 3.

தெய்வசிகாமணி அண்ணன் வந்தார். என் வீட்டுக்காரருடைய அக்காவைக் கட்டியவர். போன வருடம் காந்தப் படுக்கை விற்றார். அதற்கு முந்தைய வருடம் செம்மரக் கன்று. இந்த வருடம் எங்கள் கோழிகளின் மேல் இரக்கம் வந்திருக்கிறது.

பொடியின் பெயர் அமிர்த கவசம். நெல்லி, துளசி, அமுக்கரா என்று இருபத்தோரு மூலிகை. கோழிக்கு வேர்க்காது, அதனால் சூடு உள்ளேயே தங்கி நெஞ்சடைத்துச் சாகும், இந்தப் பொடியைத் தீவனத்தில் கலந்து கொடுத்தால் உள்ளே ஒரு குடை விரித்த மாதிரி என்று அரைமணி நேரம் சொன்னார். வேர்க்காது என்பது வரைக்கும் உண்மை. என் வீட்டுக்காரர் கதை கேட்கும் பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். நெல்லி துவர்க்கவில்லை. துளசி மணக்கவில்லை. அமுக்கரா கசக்கவில்லை. தவிடு மட்டும் தவிடாகவே இருந்தது. இருபத்தோரு மூலிகையும் அடக்கமான குணமுள்ளவை போலிருக்கிறது. மூலிகைமேல் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. நெல்லிக்காய் நெல்லிக்காயாக இருந்தால் போதும்.

கம்பெனித் தீவனத்தில் வெளிப் பொருள் எதையும் கலக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். அதைச் சொன்னேன். "கலக்கறது கம்பெனிக்குத் தெரிஞ்சாத்தானே அம்மிணி," என்றார் அண்ணன். அப்படி ஒரு சட்டம் இருப்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

முடிவு இதுதான். வடக்கு செட்டுக்குப் பொடி. தினமும் உச்சி வேளையில் கலந்து வைக்க வேண்டுமாம், வெயில் ஏறும்போது மருந்தும் ஏறவேண்டுமாம். தெற்கு செட்டுக்குப் பொடி கிடையாது. ஒத்துப் பார்க்க ஒரு செட்டு சும்மா கிடக்க வேண்டுமே. இருபத்தாறாம் தேதி சுற்றுவட்டப் பண்ணைக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு இரண்டையும் காட்டுவார்கள். வடக்கு செட்டுக்கு வேம்பும் நான்கு தென்னையும் நிழல். தெற்கு செட்டுக்கு நிழல் என்றால் அதன்மேல் பறக்கும் காக்கை போடுவதுதான். அதைச் சும்மா கிடக்க விட்டது நல்ல யோசனை. இரண்டு பேரும் கணக்கில் கெட்டிக்காரர்கள்.

"தெக்கு செட்ட நீ பாத்துக்கோ ருக்கு," என்றார் இவர். சாகப்போகிற செட்டைப் பெண்டாட்டியிடம் ஒப்படைக்கும் பெரிய மனசு.

சித்திரை 9, செவ்வாய்

வடக்கு 4, தெற்கு 4. நூற்றொன்று டிகிரி.

மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். இந்தக் கோழிகள் விற்பனைக்கு லோடு ஏறும்வரை ஒருபொழுதுச் சாப்பாடு, பொழுது சாய விளக்கு வைத்த பிறகுதான். தினமும் உச்சி வேளையில் இருபத்தேழு சுற்று. நட்சத்திரம் ஒன்றுக்கு ஒரு சுற்று. கோயில் நான்கு கிலோமீட்டர், இந்த வெயிலில் போய்வந்தால் கோழிக்கு முன்னால் நான் போய்விடுவேன். பூசாரியிடம் போனில் கேட்டேன். எங்கே நடந்தாலும் அவளைச் சுற்றியதாகத்தான் கணக்கு என்றார். அதனால் தெற்கு செட்டுக்குள்ளேயே நடக்கப்போகிறேன். சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை, முந்தானையில் இருந்து சொம்புக்கு.

சித்திரை 10, புதன்

முட்டியில் ஆறு இடத்தில் காயம். நடக்கிற வழியெல்லாம் தீவனம் வைக்கிற ஃபீடர் தொங்குகிறது.

சித்திரை 11, வியாழன்

பதினோரு மணிக்கே கயிற்றைச் சுற்றி ஃபீடர் வரிசை மொத்தத்தையும் தலைக்குமேல் ஏற்றிவிட்டேன். இப்போது தாராளமாக நடக்க முடிகிறது. கோழிகள்தான் சோம்பேறிகள். வெயிலில் இறக்கையை விரித்துத் தரையோடு ஒட்டிக்கொண்டு படுத்திருக்கின்றன. காலால் மெல்லத் தள்ளினால் எழுந்து நகர்ந்து, எழுந்ததுதான் எழுந்தோம் என்று தண்ணீர்க் குழாயில் நான்கு முறை கொத்திவிட்டு மறுபடி உட்காரும். அதற்குள் அடுத்த சுற்றில் நான் வந்துவிடுவேன். அம்மன் பிரகாரத்தில் குறுக்கே படுத்தால் அப்படித்தான்.

முடித்தபோது உடம்பில் தெம்பில்லை. ஃபீடரை இறக்காமலே வந்து படுத்துவிட்டேன். விளக்கு வைத்து, சாப்பிட்டு, பிறகுதான் இறக்கினேன். நான் பட்டினி கிடக்கும்போது அதுகளுக்கு மட்டும் என்ன? இனிமேல் அதுகளுக்கும் பொழுது சாயத்தான்.

சித்திரை 15, திங்கள்

வடக்கு 6, தெற்கு 4.

கிருபாகரன் தம்பி வருகிற நாள். பொடி மூட்டைகளை எங்கே ஒளிப்பது என்று காலையில் ஒரு மாநாடு. சாமி அறையில் வைக்கலாம் என்றார் அண்ணன் போனில். அம்மனைக் காவலுக்கு நிறுத்துகிற தைரியம் காந்தப் படுக்கை விற்றவருக்குத்தான் வரும். நான் முடியாது என்றேன். கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. இவர் அதன்மேல் உட்கார்ந்துகொண்டே சூப்பர்வைசருக்கு மோர் கொடுத்தார்.

தம்பி வடக்கு செட்டில் நின்று, வாயைத் திறந்து மூச்சு வாங்கும் கோழிகளைப் பார்த்து, "மத்தியானம் என்ன பண்றீங்க?" என்று கேட்டார். நோட்டீஸில் இருக்கிறபடியே என்றார் இவர். நோட்டீஸ் மாவடுவின்மேல் இருப்பது இவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் மோர் சொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்திரை 19, வெள்ளி

வடக்கு 9, தெற்கு 5. நூற்று மூன்று.

மயிலாத்தாள் அக்கா வந்தாள். கிழக்குத் தோட்டம். வீட்டுக்காரர் போனபிறகு ஒற்றை ஆளாக ஒரு செட்டு வைத்து ஓட்டுகிறாள். போன இரண்டு முறையும் வெயிலிலும் நோயிலும் பாதி போனது. இந்த முறையும் போனால் இனிக் குஞ்சு இறக்க மாட்டோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. அவள் குஞ்சுகள் எங்களுடையதற்குப் பத்து நாள் இளையவை. சரியாகக் கத்திரி வெயிலின் நடுவில் கனமாகி நிற்கும்.

டீக்கடையில் இவர் பொடியைப் பற்றிப் பேசியது அவள் வரைக்கும் போயிருக்கிறது. வாங்கலாமா என்று கேட்க வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நானும் ஐந்தாவதோடு நின்றவள்தான், காலண்டர் தாளையும் கோயில் நோட்டீஸையும் பார்த்து எழுதிப் பழகியவள். ஆனால் என் நோட்டின்மேல் அவளுக்கு ஒரு மரியாதை.

"உங்க ஊட்டுக்காரரு சொல்றதும் வேண்டாம், அந்தப் பொடிக்காரரு சொல்றதும் வேண்டாம். இருபத்தாறாந்தேதி வாரேன். நீ எழுதி வெச்சிருக்கறதப் படிச்சுச் சொல்லு, அது போதும் எனக்கு."

நான் சரி என்றேன். பிள்ளையார் சுழி போட்ட நோட்டு.

சித்திரை 21, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடக்கம். வடக்கு 19, தெற்கு 7. நூற்று ஐந்து.

இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் சுற்றிக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டாவதாக ஒன்று வந்து தலையில் உட்கார்ந்துவிட்டது.

சித்திரை 22, திங்கள்

வடக்கு 27, தெற்கு 6.

சித்திரை 23, செவ்வாய்

வடக்கு 34, தெற்கு 9.

அண்ணனிடம் போனில் சொன்னார் இவர். பொடி போதவில்லை, உச்சியில் இரண்டு தடவை வையுங்கள் என்று பதில். வைத்தார். ஃபீடரை ஆட்டி ஆட்டித் தின்ன வைத்தார். மருந்து சாப்பிடாமல் செத்தால் பழி மருந்தின்மேல் வரும் அல்லவா. சாப்பிட்டே செத்தன.

சித்திரை 24, புதன்

வடக்கு 52. தெற்கு 8.

குழி போதவில்லை, இன்னொன்று வெட்டினார். நான்கு மணிக்கு வந்து முகம் கழுவி, தெற்கு செட்டு வாசலில் நின்று கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். தண்ணீர் கேட்டார். சொம்பைக் கொடுத்தேன். உள்ளே புளியங்கொட்டை கிடந்தது. இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

சித்திரை 25, வியாழன்

வடக்கு 48, தெற்கு 7.

விடிந்ததும் கோலம் போட வெளியே வந்தால், வடக்கு செட்டில் மாட்டியிருந்த 'அமிர்த கவசம் அளிக்கப்பட்டது' பலகை தெற்கு செட்டின்மேல் இருக்கிறது. பலகை தானாக நடந்திருக்கலாம். எனக்குத் தெரிந்து அந்தப் பக்கம் தினமும் நடப்பது நான் ஒருத்திதான்.

எட்டு மணிக்கு இவரே வந்தார். அண்ணனின் யோசனையாம். பொடியில் குற்றம் இல்லையாம், வடக்கு செட்டின் வாஸ்துவில் குற்றமாம். பத்துப் பேரை அழைத்தாகிவிட்டது, டீக்கடையில் வாயைக் கொடுத்தாகிவிட்டது, இப்போது மாற்றிச் சொன்னால் ஊரில் தலைகாட்ட முடியாதாம். இவருடைய அக்காவும் கோபித்துக்கொள்வாளாம்.

"நோட்டுலயும் தலைப்ப மட்டும் மாத்தி எழுதிரு ருக்கு. நம்பர் எல்லாம் அப்படியே இருக்கட்டும். நம்பர்ல பொய் இல்லீல்ல."

இப்படி ஒரு நேர்மையை நான் பார்த்ததில்லை.

மயிலாத்தாள் அக்கா என்று ஆரம்பித்தேன். அவர் கிணற்றைப் பார்த்துக்கொண்டு, "அவளுக்கு ஒரு மூட்டை சும்மாவே குடுத்தர்றேன்," என்றார். சும்மா கொடுத்தாலும் அவள் உச்சி வேளையில்தான் வைப்பாள், ஃபீடரை ஆட்டி ஆட்டி. 

இன்று முதல் விரதத்தில் மௌனமும் சேர்த்துக்கொண்டேன். பதினோரு மணியில் இருந்து விளக்கு வைக்கும்வரை பேச்சில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை. நான் பேசுவது அதிகம் என்று அம்மனுக்குப் பட்டிருக்கலாம்.

தலைப்பை மாற்றவில்லை. பேனாவில் மை குறைவாக இருந்தது.

சித்திரை 26, வெள்ளி

காலையில் பன்னிரண்டு பேருக்குத் தக்காளி சாதமும் தயிர் சாதமும் செய்து இறக்கினேன். பதினோரு மணிக்குத் தெற்கு செட்டு ஃபீடரை ஏற்றினேன். நோட்டை உள்ளே தூணில் ஆணியில் மாட்டினேன். வாயை மூடினேன்.

பதினோரு பேர் வந்தார்கள். அண்ணன் வெள்ளைச் சட்டையில், கையில் மைக் இல்லாத குறை ஒன்றுதான். வேப்பமரத்தடியில் இருபத்தோரு மூலிகையும் ஒவ்வொன்றாக வந்து போயின. வடக்கு செட்டைத் தூரத்தில் இருந்தே காட்டி, பொடி போடாதவன் கதி இது என்றார். அதற்குள் மணி பன்னிரண்டரை. எல்லோரையும் தெற்கு செட்டு வாசலுக்குக் கூட்டிவந்தார். நான் மூன்றாவது சுற்றில் இருந்தேன்.

நிறுத்த முடியுமா? வேண்டுதல்.

முதலில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. பிறகு பொடியை யாரும் பார்க்கவில்லை. கோழிகள் எழுந்து வழிவிடுவதும், குழாய்க்குப் போவதும், நான் கடந்ததும் உட்காருவதும், மறுபடி எழுவதும். பண்ணை வைத்திருக்கிறவர்கள் அல்லவா, கண் அங்கேயேதான் போகும். தீவனம் ஏன் மேலே தொங்குகிறது என்று தாராபுரம் ரோட்டுக்காரர் ஒருவர் கேட்டார். மூலிகை உள்ளே இருப்பதால் கோழிக்குப் பசிப்பதில்லை என்றார் அண்ணன். அந்தப் பதிலுக்காகவே அவருக்கு ஒரு கரண்டி தயிர் சாதம் கூடுதலாக வைக்க நினைத்தேன்.

ஒன்பதாவது சுற்றில் மயிலாத்தாள் அக்கா உள்ளே வந்து என் குறுக்கே நின்றாள்.

"ருக்கு, எந்த செட்டுக்குப் பொடி போட்டீங்க? நோட்டுல என்ன இருக்குது?"

"அம்மிணி மௌன விரதமுங்க," என்றார் அண்ணன். "மச்சினன் சொல்லுவாரு, கேளுங்க."

"அவரு வாயில இருந்து எனக்கு வேண்டாம். அந்த நோட்டுல இருந்து வேணும்."

நான் ஆணியில் இருந்து நோட்டை எடுத்தேன். அக்காவிடம் கொடுத்துப் பயனில்லை. அண்ணனிடம் கொடுத்தால் இருபத்திரண்டாவது மூலிகையாகிவிடும். இவரிடம் கொடுத்தேன். கொடுத்துவிட்டுப் பத்தாவது சுற்றுக்குப் போனேன். முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்க எனக்கு என்ன இருக்கிறது, கால் வைக்கிற இடத்தில் கோழி இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

சுற்றி வந்தேன். பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருந்தார். படிக்கவில்லை. மறுபடி ஒரு சுற்று போனேன். இரண்டாயிரத்து ஐநூறு கோழி மூச்சு வாங்குகிற செட்டில் ஒரு மனிதர் எச்சில் விழுங்குகிற சத்தம் கேட்குமா? கேட்டது.

"மயிலக்கா," என்றார். "பொடி போட்டது வடக்கு செட்டுக்குங்க. இது சும்மா உட்ட செட்டு. பலகைய நாந்தான் மாத்தி வெச்சேன்."

பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இருபத்தொன்றாம் தேதியில் இருந்து எல்லாவற்றையும் படித்தார். பத்தொன்பது, ஏழு. இருபத்தேழு, ஆறு. முப்பத்து நான்கு, ஒன்பது. ஐம்பத்திரண்டு, எட்டு. நாற்பத்தெட்டு, ஏழு. குரல் ஐம்பத்திரண்டில் மட்டும் ஒருமுறை நின்றது. அன்றைக்குக் குழி வெட்டியவர் அவர்.

அது பதினொன்றாவது சுற்றா பன்னிரண்டா என்று எனக்குக் குழம்பிவிட்டது. இத்தனை நாளில் முதல் முறை. கண்ணில் தூசி வேறு. தேங்காய் நார்த்தூள் பரப்பிய செட்டில் அது சகஜம். சந்தேகத்துக்கு ஒரு சுற்று கூடவே நடந்தேன்.

உங்களுக்கு நம்பிக்கை போதவில்லை, நம்பிக்கை இல்லாத இடத்தில் மூலிகை வேலை செய்யாது என்று அண்ணன் சொல்லிவிட்டு, மீதி மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு, சாப்பிடாமல் போய்விட்டார். அந்தத் தயிர் சாதத்தையும் தாராபுரம் ரோட்டுக்காரரே சாப்பிட்டார்.

மயிலாத்தாள் அக்கா போகும்போது என் கையைப் பிடித்து, "எந்த நேரத்துக்கு ஃபீடரத் தூக்கற? விரல்ல காட்டு," என்றாள். பத்து விரலையும் காட்டி, மேலே ஒன்றைக் காட்டினேன்.

வடக்கு 41, தெற்கு 6. ஐந்து மணிக்கு நான் போவதற்குள் பலகையை இவர் கழற்றி வைத்திருந்தார். அடுப்புக்கு ஆகும், நல்ல பலகை.

சித்திரை 27, சனி

வடக்கு 22, தெற்கு 6. வடக்கு செட்டு ஃபீடர் பதினோரு மணிக்கு மேலே போனது. நான் ஏற்றவில்லை.

நங்கை, இவருடைய அக்கா, போன் செய்து, தன் வீட்டுக்காரரை ஊர்முன்னால் அவமானப்படுத்திவிட்டேன் என்று முக்கால் மணி நேரம் பேசினார். மௌனம் எவ்வளவு நல்ல விரதம் என்று இன்றுதான் புரிந்தது.

சித்திரை 29, திங்கள்

வடக்கு 12, தெற்கு 5.

தெற்கு செட்டு லோடு ஏற ஆள் சொல்லிவிட்டார்கள், நாளைக்கு. கிருபாகரன் தம்பி எடை பார்க்க வந்தார். இவர் எல்லாவற்றையும் அவரிடம் ஒப்புக்கொண்டார், கட்டிலுக்கு அடியில் இருந்த மூட்டை உட்பட. தம்பி திட்டினார். அடுத்த முறை பொடி, கிடி என்று எதையாவது பார்த்தால் குஞ்சு கிடையாது என்றார். பிறகு தெற்கு செட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இதையேதாங்கம்மா நோட்டீஸ்ல போட்டிருக்கோம். வெயில் நேரத்துல தீவனத்தத் தூக்குங்க, கோழிய எழுப்பி நடக்க உடுங்க, தண்ணி குடிக்க வையுங்கன்னு. நீங்க ஒருத்தராவது படிச்சீங்களே."

நான் பதில் சொல்லவில்லை. மணி பதினொன்று தாண்டியிருந்தது.

பொழுது சாய்ந்ததும் மாவடு ஜாடியின் வாயை அவிழ்த்துப் பார்த்தேன். எண்ணெய் ஊறி எழுத்து பாதி போயிருந்தது. மீதிப் பாதியில் அவர் சொன்னதெல்லாம் இருந்தது. இத்தனை நாள் முட்டிக் காயமும் பட்டினியுமாக நான் அம்மனிடம் வாங்கியதைக் கம்பெனி வழவழப்புக் காகிதத்தில் சும்மா கொடுத்திருக்கிறது. அம்மன் பரவாயில்லை, அவள் சொன்னதை நான் கேட்டேன்.

காகிதம் அச்சடிக்கச் சொன்னதும் அவள்தான் என்று வைத்துக்கொள்கிறேன். மாவடு கெடவில்லை.

வைகாசி 2, வெள்ளி

மயிலாத்தாள் அக்கா செட்டில் இன்று 4. நேற்று 5. வந்து சொல்லிவிட்டுப் போனாள். என் நோட்டில் அவளுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கினேன். அவள் எதிரிலேயே எழுதினேன். நான்கு என்ற எழுத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தாள். பிறகு, இன்னும் ஏழு நாள் தாங்கினால் லோடு ஏறிவிடும் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே போனாள்.

வைகாசி 3, சனி

தெற்கு செட்டு ஏறிக் காலி, இப்போது என் சுற்று வடக்கில். அங்கே மீதி நிற்பவை எடை போதாததால் திங்கட்கிழமைதான் ஏறும். என் வலது காலில் கொப்புளம் உடைந்துவிட்டது, செருப்புப் போட முடியவில்லை. வேண்டுதல் லோடு ஏறும்வரை என்று சொல்லியாகிவிட்டது. என்ன செய்வது என்று உட்கார்ந்திருந்தபோது, இவர் வந்து, சொம்பையும் என் முந்தானையில் இருந்த புளியங்கொட்டைகளையும் எடுத்துக்கொண்டு வடக்கு செட்டுக்குள் போனார்.

வாசலில் இருந்து பார்த்தேன். நடக்கிறேன் என்று ஓடுகிறார். கோழிகள் அலறிக்கொண்டு பறக்கின்றன. ஐந்து சுற்றில் மூச்சு வாங்கி, மெதுவாக நடக்கப் பழகிக்கொண்டார். வேர்த்துக் கொட்டியது. அது ஒன்று, மனிதனுக்கு வேர்க்கிறது.

இரண்டு மணிக்கு வந்து சொம்பைக் கொடுத்து, "முடிஞ்சுது," என்றார்.

கவிழ்த்து எண்ணினேன். இருபத்து நான்கு. கையைத் திறக்கச் சொல்லி ஜாடை காட்டினேன். உள்ளங்கையில் மூன்று இருந்தன.

"அம்மா கணக்கா பாக்கப் போறா?" என்றார்.

அம்மன் பார்க்க மாட்டாள். செட்டு வாசலைக் காட்டினேன். போனார்.

வடக்கு 3.